ஷிஃப்டுக்கு முன் ஒரு திருகு

பின்சக்கர பிரேக் வலுவிழந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் பட்டறை முன் வந்து நின்றால் நீங்கள் அஞ்ச வேண்டும். அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். துணிவைப் பற்றிச் சொல்ல இத்தொழிலில் பலர் இருக்கிறார்கள். வேகமாக வேலை செய்வது எப்படி என்று சொல்லவும் ஆளுக்குக் குறைவில்லை. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்பேனர் பிடித்தேன். முதல் இருபத்தெட்டு ஆண்டுகளில் எனக்கு அச்சம் இருந்ததில்லை. அதற்கு என் திறமை காரணமன்று. என்னிடம் வண்டி விட்டவர்களுடைய நற்பேறுதான் காரணம் என்பதைப் பிற்பாடு ஒரு பகல்பொழுதில் தெரிந்துகொண்டேன்.

என் பட்டறை சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் சாலையின் ஓரத்தில் இருந்தது. அதைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனால் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலை. காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட். கேட்டில் கார்டு பதிவது ஒரு நிமிடம் தாமதமானாலும் அரைநாள் போய்விடும். ஆகவே ஐந்தரை மணிக்கு என் பட்டறை வாயிலில் ஒரு வரிசை நிற்கும். யாரும் இறங்கமாட்டார்கள், எஞ்சினை அணைக்கமாட்டார்கள். செயின் தொங்குகிறது, கிளச் இழுக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்தபடியே சொல்வார்கள். நான் வண்டிக்கு வண்டி குனிந்து ஒரு திருகு திருகி, முதுகில் தட்டி அனுப்புவேன். அதற்கு நான் எதுவும் வாங்குவதில்லை. அந்த வழக்கத்தால் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அன்றைய வரிசையில் ஐந்தாவதாக நின்றவர் சேவியர். சேரப்பணஞ்சேரிக்குப் பின்னால் உருவான புதுக் குடியிருப்பில் இருந்தார். அந்தத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய வண்டி பதினேழு ஆண்டுப் பழையது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். முன் பிரேக்கின் கம்பி பெயருக்குத்தான் இருந்தது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் முன் பிரேக்கைத் தொடுவதில்லை. தொட்டால் வண்டி தூக்கி எறிந்துவிடும் என்று நம்புகிறார்கள். வலது காலை மட்டும் நம்பி வண்டி ஓட்டுகிறார்கள். சேவியரும் அப்படித்தான்.

"ணா, பிரேக்கு சுத்தமா இல்லணா. அமுத்துனா பெடலு தரையில போய் இடிக்குது."

"அப்படியே உக்காரு. ஒரு நிமிஷம்."

பின்னால் நின்றவர் ஒலிப்பானை அமுக்கினார். "யோவ் சேவியரு, உன் வண்டிக்கு இன்னாத்துக்கு பிரேக்கு. அதுவே எப்ப வோணா நின்னுடுமே."

வரிசை சிரித்தது. சேவியரும் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே குனிந்திருந்த என்னிடம் அவர் இன்னொன்றும் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வாலாஜாபாத்துக்கு மாமியார் வூட்டுக்குப் போயிருந்தேன்ணா. அங்க ஒரு மெக்கானிக்கு லீவரக் கழட்டி ரெண்டு பல்லு தள்ளி மாட்டிக் குடுத்தாரு. ரெண்டு நாளு நல்லா இருந்துச்சு. இப்ப மறுபடியும் பழையபடி கீது."

நான் "உம்" என்றேன். ஸ்பேனரை நட்டில் வைத்துத் திருகினேன். மரையின் முடிவுவரை போய் அது நின்றது. கையால் பெடலை அழுத்திப் பார்த்தேன், கல்லைப்போல் நின்றது. முதுகில் தட்டினேன். அவர் போய்விட்டார். அடுத்த வண்டிக்கு நகர்ந்தேன்.

பதினொரு மணி அளவில் பால்காரர் ஒருவருடைய வண்டிக்குப் புது பிரேக் ஷூ மாற்றிக்கொண்டிருந்தேன். லீவரை அதன் பல்வெட்டிய தண்டில் மாட்டும்போது, தண்டின் முனையில் ஒரு புள்ளியும் லீவரின் விளிம்பில் ஒரு புள்ளியும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டும் எதிரெதிரே வரவேண்டும். என் கை அவற்றைப் பழக்கத்தால் சேர்த்தது. சேர்த்த அக்கணத்தில், காலையில் என் காதில் விழுந்தும் நான் வாங்கிக்கொள்ளாத வார்த்தைகள் முழுமையாகத் திரும்பி வந்தன. ரெண்டு பல்லு தள்ளி மாட்டிக் குடுத்தாரு.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். ஆயினும் பொறுத்துக் கேளுங்கள். டிரம்முக்குள் இரண்டு பிறைகளைப்போல் ஷூக்கள். அவற்றின் முனைகளுக்கு நடுவே தட்டையான ஓர் இரும்புத் துண்டு, அதுதான் கேம். லீவர் அதைச் சற்றே திருப்பினால் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பற்றும். ஷூ தேயத் தேயக் கேம் இன்னும் சற்றுத் திரும்ப வேண்டியிருக்கும். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை லீவரின் சாய்வே வெளியிலிருந்து நமக்குக் காட்டும். லீவரைக் கழற்றிப் பல் தள்ளி மாட்டியவுடன் அந்தச் சாட்சி அழிந்துவிடுகிறது. வெளியே லீவர் ஒழுங்காக நிற்கும்; உள்ளே கேம் தன் முழு அகலத்துக்கு நிமிர்ந்திருக்கும். அதற்குமேல் நட்டையும் இறுக்கினால் பெடல் கல்லாக நிற்கும். அந்த பிரேக்குக்கு அதைவிட நன்றாக இருக்கும் நாள் இனி வராது. அதுவே அதன் கடைசி நாள். ஓங்கி ஒரு மிதி மிதித்தால் கேம் மறுபக்கம் புரண்டுவிடும். புரண்டது தானாகத் திரும்பாது. ஷூக்கள் விரிந்தபடியே டிரம்மைக் கவ்விக்கொள்ளும். சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

இரண்டு புள்ளிகளும் விலகியிருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு நொடி போதும். நான் குனிந்துதான் இருந்தேன். லீவர் என் கண்ணிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருந்தது. நான் பார்த்தது நட்டை மட்டும்.

சேவியரின் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி எடுப்பார்? கேமரா உள்ள போனை அந்தத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலுள்ள லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பால்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் என் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

அங்கே இருந்த காவலர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நடுவயது. காலையில் இந்தச் சாலையில் விபத்து ஏதேனும் நடந்ததா என்று முதலில் கேட்டேன். இல்லை என்றார். ஆகவே சேவியர் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டார். வெளியே வரும்வரை அவருக்கு ஆபத்தில்லை.

"யாரப் பாக்கணும் அண்ணாச்சி?"

"சேவியர்னு ஒருத்தர். அவர் வண்டில பிரேக் சரியில்ல. வண்டிய எடுக்கறதுக்கு முன்னால அவர்கிட்ட சொல்லணும்."

"எந்த டிபார்ட்மெண்டு?"

"தெரியலிங்க. காண்ட்ராக்ட் ஆளு."

"அப்பம் எங்க லிஸ்ட்ல இருக்க மாட்டாரு. காண்ட்ராக்டர் ஆபீஸ்லதான் கேக்கணும். அது வேளச்சேரில இருக்கு."

எனக்கு வேறொரு வழி தோன்றியது. "சரிங்க. என்னை உள்ள விடவேணாம். நீங்களே பார்க்கிங்குக்குப் போயி அந்த வண்டியோட பின் டயர்ல காத்த எறக்கி விட்டுடுங்க. அது போதும்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "காத்த எறக்கணுமா. ஏன் அண்ணாச்சி, பக்கத்துல பஞ்சர் கடை போட்டிருக்கியளோ?"

"வெளையாட்டு இல்லிங்க. உயிர் போற விஷயம்."

"சரி, வண்டி நம்பரச் சொல்லுங்க."

எனக்கு எண் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளாக என் கைக்கு வந்துபோன வண்டி. அதன் சைலன்சரில் நான் போட்ட பட்டியைத் தெரியும். அதன் எஞ்சின் எழுப்பும் டிக்டிக்கென்ற ஓசை தெரியும். எண் மட்டும் தெரியாது. அதைச் சொன்னேன்.

"உள்ள ஆயிரம் வண்டிக்கு மேல நிக்கி. ஒவ்வொண்ணா ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேக்கச் சொல்லுதியளா?"

கேலி செய்தாலும் அவர் இரக்கமற்றவர் அல்லர். உள்தொலைபேசியில் இரண்டு இடங்களுக்கு அழைத்துச் சேவியர் என்ற பெயரைச் சொன்னார். ஓரிடத்தில் யாரும் எடுக்கவில்லை. மற்றோரிடத்தில் மூன்று சேவியர்கள் இருப்பதாகவும், உற்பத்தி லைனை நிறுத்தி யாரையும் அனுப்ப முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். "இங்கன நில்லுங்க. ரெண்டரைக்கு ஷிஃப்ட் விடும். எல்லாரும் இந்த வழியாத்தான் வந்தாகணும்" என்று மதில் நிழலைக் காட்டினார்.

மூன்று மணி நேரம் நின்றேன். கேட்டுக்கு எதிரே நெடுஞ்சாலை. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொரு டிரெய்லர் கடக்கும்போதும் என் காலடி அதிர்ந்தது. சேவியருக்கு ஒரே மகள். முதல் வகுப்புப் படித்தாள். ஷிஃப்ட் முடிந்து, படப்பைப் பக்கத்திலுள்ள பள்ளியிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு அவர் வீடு திரும்புவதை நான் பல மாலைகளில் பார்த்திருக்கிறேன். அவள் பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார்ந்திருப்பாள். ஹேண்டில்பாரின் நடுவே இரண்டு கைகளையும் ஊன்றியிருப்பாள். வண்டி திடீரென நின்றால் அவளைத் தடுக்க முன்னால் ஒன்றுமில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளும் அந்த நொடியை நான் அந்த மதிலடியில் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு டிரெய்லர் வந்தது.

இரண்டரைக்குச் சங்கு ஊதியது. அடுத்த பத்து நிமிடங்களில் வண்டிகள் மடைதிறந்ததுபோல் வெளிவரத் தொடங்கின. எல்லாருக்கும் ஒரே சாம்பல்நிறச் சட்டை, தலையில் ஹெல்மெட். முகம் பார்த்து அறிய வழியில்லை. கண்ணை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நூறு எஞ்சின்களின் ஓசைக்குள் அந்த டிக்டிக் ஓசை வந்தது. திரும்பினேன். கேட்டின் சரிவில் இறங்கி அவர் சாலையை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தொழிற்சாலைப் பேருந்து.

இனி நான் செய்ததைக் கவனியுங்கள். மூன்று மணி நேரம் அஞ்சியவன், அவரைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. சாலைக்குள் குதித்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, "சேவியர், நிறுத்து" என்று கத்தினேன்.

தன் மெக்கானிக் வழியில் நின்று கத்துவதைக் கண்ட எவரும் என்ன செய்வார்? அவர் வலது காலை ஓங்கி மிதித்தார்.

சக்கரம் ஒரு முறை கிறீச்சிட்டுப் பூட்டிக்கொண்டது. வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கியது. அவர் இடப்பக்கம் சாய்ந்து விழுந்து, வண்டியோடு சிறிது தொலைவு இழுபட்டார். பின்னால் வந்த பேருந்து பெருமூச்சுவிடும் ஓசையோடு நின்றது. அதன் முன்பக்கத்துக்கும் சேவியரின் ஹெல்மெட்டுக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். நான் உயர்த்திய கைகளை இறக்காமலே நின்றேன். பிரேக் சரியில்லாத ஒருவரை நிறுத்தச் சொல்வதைவிடப் பெரிய மூடத்தனம் இத்தொழிலில் இல்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும். எஞ்சினை அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்திலேயே ஓடியிருக்க வேண்டும். இவை எல்லாம் எனக்குப் பின்னால்தான் தோன்றின.

அவர் எழுந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, வேறு காயமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாணா, இங்க நின்னுகினு கீற? பிரேக்கு செமயா புடிக்குதுணா. கொஞ்சம் ஓவராவே டைட்டு வெச்சிட்ட போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் சேர்ந்து வண்டியை நிமிர்த்தித் தள்ளினார்கள், பின்சக்கரம் உருளவில்லை. தூக்கித்தான் ஓரத்துக்குக் கொண்டுவர முடிந்தது. "பேரிங் பூட்டிக்கிச்சுபா. பழைய வண்டிதான" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்துவிட்டுத் தங்கள் வண்டிகளுக்குத் திரும்பினார்கள்.

சேவியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணேகாலுக்குப் பாப்பாவுக்கு ஸ்கூல் வுட்ருவாங்கணா. லேட்டானா வாட்ச்மேன்கூட குந்திகினு அழுவும். ஒரு தட்டு தட்டி ரிலீஸ் பண்ணி வுடு. பாப்பாவ இட்டாந்து வூட்ல வுட்டுட்டு, வண்டிய உன் கடையிலியே போட்டுடறேன். பேரிங்க மாத்து."

அவர் சொன்னது முடியக்கூடியதுதான். லீவரைப் பின்பக்கமாக ஓர் அடி அடித்தால் கேம் திரும்பிவிடும். சக்கரம் உருளும். பெடலும் முன்போலவே கல்லாக நிற்கும். அவர் மெதுவாகப் போய்வந்துவிட்டால், மாலையில் நான் ஓசையின்றி ஷூவை மாற்றிவிடலாம். பேரிங் என்ற சொல்லை நான் சொல்லவில்லை, யாரோ சொன்னார்கள், நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். என் நல்ல பெயருக்கு ஒன்றும் நேராது. நான் குனிந்து ஒரு கல்லைக் கையில் எடுத்தேன் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும்.

கல் கையில் இருக்கும்போது எனக்கு வந்த அச்சம், மதிலடியில் நின்றபோது வந்ததைவிடப் பெரிது. அங்கே சேவியருக்காக அஞ்சினேன். இங்கே என்னைக் கண்டு அஞ்சினேன். கல்லைக் கீழே போட்டேன்.

"பேரிங் இல்லப்பா. காலையில நான் பண்ண வேலைதான் இது."

அவர் புரியாமல் பார்த்தார்.

"லீவர பல்லு தள்ளி மாட்டுனாங்கன்னு நீ சொன்ன. நான் காதுல போட்டுக்கல. தொறந்து பாக்காம இறுக்கிட்டேன். உள்ள ஷூ சுத்தமா தேஞ்சிருக்கு. இப்ப தட்டி வுட்டா மறுபடியும் இப்பிடித்தான் பூட்டிக்கும். இதுல ஏறாத."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பேருந்து நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தார்ச்சாலையில் அவருடைய டயர் இழுத்த கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"காலையிலியே தெரியுமா உனக்கு?"

"இல்லப்பா. பதினோரு மணிக்குத்தான் தோணுச்சு."

"அதுலேர்ந்து இங்கியேவா நின்னுகினு இருந்த?"

"ஆமா."

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நேரம் போய்க்கொண்டிருந்தது. என் சாவியை எடுத்து நீட்டினேன். "என் வண்டிய எடுத்துனு போ. பாப்பாவ இட்டுனு வா. நான் இத பட்டறைக்கு ஏத்திக்கிறேன்."

அவர் சாவியை வாங்கினார். என் வண்டியில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். வலது காலால் பெடலை ஒரு முறை அழுத்தினார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையால் பெடலை அழுத்தி, லீவர் எப்படி அசைகிறது என்று பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். அந்த இடத்தில் அதற்குமுன் அவர் ஒருநாளும் குந்தியதில்லை. அது என் இடம்.

தலையைத் தூக்காமலே கேட்டார்: "இத எப்ப தொறந்து பாத்தணா?"

நான் எண்ணிப் பார்த்தேன். தீபாவளிக்கு முன்பா? மழைக்கு முன்பா? எந்த மழை? ஊரார் வண்டிகளின் டிரம்களை நாள்தோறும் திறந்தவனுக்கு, தன் வண்டியின் டிரம்மைத் திறந்த நாள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நல்லாத்தான் புடிக்குது" என்றேன்.

"என்துகூட காலையில நல்லாத்தான் புடிச்சிச்சுணா."

அவர் எழுந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். கோபமாக வைக்கவில்லை, கடையில் பிடிக்காத பொருளைத் திருப்பி வைப்பதுபோல் வைத்தார். படப்பைப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி, ஓட்டுநரின் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் ஏறிக்கொண்டார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

திருநெல்வேலிக்காரர் ஒரு சுமை வண்டியை நிறுத்திக் கொடுத்தார். சேவியரின் வண்டியை அதில் ஏற்றினோம். "ஒங்க வண்டிய நீங்க ஓட்டிட்டு வாருங்க அண்ணாச்சி, நான் இத அனுப்பிவிடுதேன்" என்றார். சாவி என் கையில்தான் இருந்தது. இரண்டு வண்டிகளையும் ஏற்றச் சொன்னேன்.

பட்டறையில் இறக்கிய பிறகு, என் வண்டியின் பின்சக்கரத்தைத்தான் முதலில் கழற்றினேன்.